பொய்கைமேட்டுச் சுவருக்கு ஆறு வாரண்டு

வெண்மதி கோர்ட்டு அமீனா. நீதிபதி தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அதை எடுத்துக்கொண்டு வெயிலில் போய், 'இந்த வீட்டைக் காலி பண்ணுங்க, இந்த வேலியை எடுங்க' என்று ஆட்களின் முகத்துக்கு நேராகச் சொல்வது அமீனாவின் வேலை. ஜெயித்தவர் இன்னும் ஏன் ஆகவில்லை என்று திட்டுவார். தோற்றவர் எதற்கு வந்தாய் என்று திட்டுவார். பதினெட்டு வருஷமாக இரண்டு பக்கத்துத் திட்டும் வெண்மதிக்குப் பழக்கம்.

அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரிக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தார். கணவர் எழிலன் கடலூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற சாலையில். வேலை சிதம்பரத்தில், ஓர் உரிமையியல் நீதிமன்றத்தில். தினமும் காலை எட்டு மணி பஸ், ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பயணம். இதையெல்லாம் அவர் குறையாகச் சொன்னதில்லை. அவர் பொறுமையைச் சோதித்தது பொய்கைமேட்டுச் சுவர்தான்.

பொய்கைமேடு கிள்ளைக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அங்கே காலனியில் முப்பத்திரண்டு வீடு. காலனியிலிருந்து தார்ச்சாலைக்கு ஒரு வண்டிப்பாதை இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பாதைக்கு இரண்டு பக்கமும் நிலம் வாங்கி இறால் பண்ணை போட்ட சுப்பராயலு, குறுக்கே ஒரு சுவர் எழுப்பினார். பண்ணைக்குப் பாதுகாப்பாம். அன்றிலிருந்து ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் காலனிக்காரர்கள் வாய்க்கால் கரையைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தார்கள். மழைக்காலத்தில் அந்தக் கரையும் இருக்காது.

காலனியில் சுப்புராயன் என்பவர் வழக்குப் போட்டார். இரண்டு பேருக்கும் பேர் ஏறக்குறைய ஒன்று என்பதால், கோர்ட்டில் கூப்பிடும்போதெல்லாம் யார் வாதி யார் பிரதிவாதி என்று குழப்பம் வரும். வருவாய்த்துறை வரைபடத்தில் பாதை தெளிவாக இருந்தது. ஆறு வருஷத்தில் தீர்ப்பு சாதகமாக வந்தது. சுப்பராயலு அப்பீல் போனார். அப்பீல் நடக்கும்போது சுப்புராயன் இறந்துபோனார். அவர் மனைவி முத்தம்மாளை வாரிசாகச் சேர்த்து வழக்கு நடந்தது. அதிலும் ஜெயம். ஹைகோர்ட்டு வரைக்கும் போய் அங்கேயும் ஜெயம். 'சுவரை இடித்துப் பாதையைத் திறந்துவிட வேண்டும்.' மூன்று கோர்ட்டும் ஒரே வார்த்தையைச் சொல்லியாகிவிட்டது. இடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரண்டு வெண்மதி கைக்கு வந்தது.

"சுலபமான வேலைம்மா" என்றார் தட்சிணாமூர்த்தி. அமீனாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நாசர் அவர். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. "ஒரு சுவரு. கடப்பாறை எடுத்துட்டுப் போனா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

வெண்மதி முதல்முறை போனது கார்த்திகை மழை விட்ட ஒரு புதன்கிழமை. போலீஸ் துணைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தார். ஸ்டேஷனில், "நீங்க முன்னாடி போங்கம்மா, ரெண்டு பேர் பின்னாடியே வர்றாங்க" என்றார்கள். அந்த இரண்டு பேர் கடைசிவரை வரவில்லை.

சுவருக்கு முன்னால் நிழல் பார்த்து ஏழெட்டு நாற்காலி போட்டிருந்தது. சுப்பராயலு எழுந்து வந்து கும்பிட்டார். "வா தங்கச்சி. வெயில்ல வந்திருக்க, மோர் குடி."

"வேணாங்க. ஆர்டர் இருக்கு. படிச்சுக் காட்டுறேன், கேட்டுக்குங்க."

"படி, படி."

முழுவதையும் படித்தார். சுப்பராயலு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிந்ததும், "நல்லா படிக்கிற" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வீட்டுப் பெண்கள் ஆறு பேர் வந்து சுவரோடு முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். கடப்பாறையோடு வந்த கூலியாட்கள் இரண்டு பேரும் வெண்மதியைப் பார்த்தார்கள். வெண்மதி சாலையைப் பார்த்தார். போலீஸ் ஜீப் வருகிற மாதிரி தெரியவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அமீனாம்மா! வந்துட்டீங்களா?"

"வந்திருக்கேன். யாருங்க?"

"நான்தான் முத்தம்மா. இடிக்கப் போறாங்களா?"

"இருங்க, அங்கயே வர்றேன்" என்றார் வெண்மதி. குரலுக்கும் அவருக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் சுவர்தான். ஆனால் முத்தம்மாளை நேரில் பார்க்க வாய்க்கால் கரையைச் சுற்றி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது முத்தம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு. "இன்னைக்கு ஆவல, அதானே?" என்றார். வெண்மதி தலையாட்டினார். "சரி, தண்ணி குடிங்க" என்றார் முத்தம்மாள். பாதி குடிப்பதற்குள் வெண்மதிக்குப் பஸ் நேரம் வந்துவிட்டது.

'தடை செய்ததால் நிறைவேற்ற இயலவில்லை' என்று எழுதி வாரண்டைத் திருப்பினார். அடுத்த வாரண்டு மார்கழியில் வந்தது. ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் கூட்டம், எல்லாப் போலீசும் பந்தோபஸ்தில் இருக்கிறார்கள் என்றார்கள். அது நியாயம்தான் என்று விட்டுவிட்டார். மாசியில் மூன்றாவது. அந்தத் தடவை இரண்டு போலீஸ் வந்தார்கள்; பாதையின் அளவைக் காட்டித் தர வேண்டிய சர்வேயர் வரவில்லை. போன் பண்ணினால், "வேற ஒரு அளவுல இருக்கேன்" என்றார். எங்கே என்று கேட்டால் லைன் கட்டாகிவிட்டது. சர்வேயர் இல்லாமல் நாங்கள் எதற்கு என்று போலீசும் கிளம்பிவிட்டது. நான்காவது தடவை பாராளுமன்றத் தேர்தல். அப்புறம் மே மாசம் கோர்ட்டு லீவு.

ஒவ்வொரு தடவையும் முத்தம்மாள் கூலியாட்களை ஏற்பாடு பண்ணிக் காத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் சுப்பராயலு நாற்காலி போட்டிருப்பார். நான்காவது தடவை அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "உனக்கும் வேற வேலை இல்ல, எனக்கும் வேற வேலை இல்ல. என்னா தங்கச்சி?" என்றார்.

அன்று பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டதற்கு வெண்மதி எரிந்து விழுந்தார். சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் அந்த ஆள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தோன்றியது.

ஐந்தாவது முறை ஜூன் கடைசியில். போலீஸ் நான்கு பேர் வந்தார்கள். சர்வேயரும் வந்துவிட்டார். இன்றைக்கு முடிந்துவிடும் என்றே வெண்மதி நினைத்தார். கிட்டே போய்ப் பார்த்தால், சுவரை ஒட்டி ஒரு கல். மூன்றடி உயரம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழ மாலை போட்டு, பக்கத்தில் ஒரு சூலம். முனீஸ்வரனாம்.

"எத்தனை நாளா இருக்கு இது?" என்று வெண்மதி கேட்டார்.

"எங்க பாட்டன் காலத்திலேருந்து" என்றார் சுப்பராயலு.

"ஏப்ரல்ல நான் வந்தேனே. இல்லியே."

"உன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. எல்லாருக்கும் தெரியாது."

கல்லின் பின்பக்கம் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய நம்பர் அழியாமல் இருந்தது, 114 என்று. கல்பட்டறைக்காரன் போட்டது. மஞ்சள் பூசியவர்கள் முன்பக்கம் மட்டும் பூசியிருந்தார்கள். வெண்மதி சர்வேயரைக் கூப்பிட்டு அந்த நம்பரைக் காட்டினார். சர்வேயர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கூட வந்த ஏட்டய்யா, "மேடம், சாமி விஷயம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க தலைதான் உருளும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், சுப்பராயலுவின் வக்கீல் குமாஸ்தா வெண்மதியைத் தேடி வந்தார். தெரிந்தவர்தான், தினமும் கோர்ட்டில் பார்க்கிற ஆள். குரலில் மிரட்டலே இல்லை. பரிதாபம்தான் இருந்தது.

"அக்கா, நீங்க எதுக்கு இப்படி அலையிறீங்க? ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி எழுதிடுங்க. தீர்ப்புல சொல்ற சுவர் எதுன்னு இடத்துல அடையாளம் காண முடியலன்னு. அவ்ளோதான். யாரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று வெண்மதிக்குத் தெரியும். இடத்தைப் பார்த்துவர ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட வேண்டும், திரும்ப அளக்க வேண்டும், அதற்கு ஆட்சேபம், ஆட்சேபத்துக்கு அப்பீல். இன்னும் எட்டு வருஷத்துக்குத் தாங்கும். பொய் என்று யாராலும் நிரூபிக்கவும் முடியாது. அடையாளம் தெரியாதது அமீனாவின் கண் குறை, அவ்வளவுதான்.

ஆசையாக இருந்தது என்பதுதான் உண்மை. காசுக்காக இல்லை; குமாஸ்தா காசு பேச்சே எடுக்கவில்லை. அந்தச் சேற்றுக் கரையில் இனி நடக்க வேண்டாம், அந்த நாற்காலிகளை இனி பார்க்க வேண்டாம் என்ற ஆசை.

மறுநாள் காலை தோசை சுட்டுக்கொண்டே எழிலனிடம் சொன்னார். அவர் ஷூ மாட்டிக்கொண்டே, "நீ என்ன ஜட்ஜா? தீர்ப்பு சொன்னவுங்க கவலைப்படட்டும்" என்றார்.

"அவுங்க சொல்லியாச்சு மாமா. மூணு கோர்ட்டும் சொல்லியாச்சு. நான் போய் கண்ணு தெரியலன்னு எழுதினா அது என்னாகும்? அத்தனை பேர் எழுதினதும் வேஸ்ட் பேப்பர்."

"அதுக்கு உனக்கு என்ன ஜாஸ்தியா தர்றாங்க?"

"ஒண்ணும் தரல. தோச கருகுது, பேசாதீங்க."

அன்று லீவு போட்டுவிட்டுப் பொய்கைமேட்டுக்குப் போனார். சொந்தமாக ஒரு டேப் வாங்கிக்கொண்டு, தீர்ப்போடு இணைத்திருந்த வரைபடத்தின் நகலையும் எடுத்துக்கொண்டார். முத்தம்மாள் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, காலனிப் பக்கத்திலிருந்து சுவரை அளந்தார்கள். நாற்பத்தொரு அடி நீளம், ஏழடி உயரம். சர்வே கல்லிலிருந்து தூரம் எவ்வளவு, பாதை எந்த மரத்தடியில் தொடங்குகிறது, எல்லாம் வரைபடத்தோடு அடிக்கு அடி பொருந்தியது.

ஐந்தாவது ரிப்போர்ட்டு மூன்று பக்கம் வந்தது. வழக்கமாக அமீனா ரிப்போர்ட்டு அரைப்பக்கத்தைத் தாண்டாது. எந்தத் தேதியில் போலீஸ் வரவில்லை, யாரிடம் கடிதம் கொடுத்தார், யார் வாங்கிக் கையெழுத்துப் போட்டார், எல்லாம் எழுதினார். கல்லைப் பற்றியும், அதன் பின்னால் இருந்த நூற்றுப் பதினாலைப் பற்றியும் எழுதினார். கடைசியில், 'மேற்படி சுவரை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காண முடிகிறது' என்று எழுதி அடிக்கோடு போட்டார். தட்சிணாமூர்த்தி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்குப் பதில் ஒரு மொட்டை மனு வரும்மா. தயாரா இரு" என்றார்.

அந்தக் கோர்ட்டின் நீதிபதி சிந்துஜாவுக்கு முப்பத்திரண்டு வயது. வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதிர்ந்து பேசமாட்டார். வழக்கு அழைக்கப்பட்ட அன்று ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தார். பிறகு நிமிர்ந்து, கோர்ட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நேற்று சாயங்காலம் இந்த வழக்கைப் பற்றி என் செல்போனுக்கு ஒருவர் பேசினார். தன் பெயரைச் சொன்னார். யார் சொல்லிப் பேசுகிறார் என்பதையும் சொன்னார். இந்தச் சுவர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருக்கச் சொன்னார். அவர் பேசிய நேரம், நம்பர், பெயர் எல்லாவற்றையும் இன்றைய உத்தரவில் பதிவு செய்து மாவட்ட நீதிபதிக்கும் ஹைகோர்ட்டுக்கும் அனுப்புகிறேன். பிரதிவாதி தரப்புக்கு இதில் ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

சுப்பராயலுவின் வக்கீல் எழுந்தார். "எங்களுக்கு ஒன்றும் தெரியாதுங்க."

"தெரியாது என்று சொன்னதையும் பதிவு செய்கிறேன்" என்றார் சிந்துஜா.

வாசலோரம் நின்றிருந்த வெண்மதி நன்றாகக் கேட்க ஓர் அடி உள்ளே வந்தார். இத்தனை வருஷத்தில் இப்படிப் போன் வரும் என்று எத்தனையோ பேர் ஜாடைமாடையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறார். திறந்த கோர்ட்டில் அதை ஒரு நீதிபதி வாயால் சொல்லி எழுதிக்கொண்டதை அன்றுதான் பார்த்தார்.

அடுத்த வாரம் போலீஸ் அதிகாரி நேரில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு போனது. அவர் வந்து, ஆள் பற்றாக்குறை என்றார். "சரி. கோர்ட்டு உத்தரவை நிறைவேற்ற ஆள் இல்லை என்று எழுத்துமூலம் கொடுங்கள்" என்றார் சிந்துஜா. அதிகாரி மத்தியானம் வரை டைம் கேட்டார். மத்தியானம் வந்து, வருகிற செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பேரை அனுப்புவதாகச் சொன்னார். எட்டு மாசமாக இல்லாத ஆட்கள் இரண்டு மணி நேரத்தில் எங்கிருந்து கிடைத்தார்கள் என்று வெண்மதி தட்சிணாமூர்த்தியிடம் கேட்டார். அவர் ஆறாவது வாரண்டை எடுத்து நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஜேசிபி வந்தது. பன்னிரண்டு போலீஸ் வந்தார்கள். சர்வேயர் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். சுப்பராயலு நாற்காலிகளைப் போட்டிருந்தார், ஆனால் உட்காரவில்லை. எல்லாம் சரியாக இருந்த நேரத்தில் ஜேசிபி டிரைவர் கல்லைப் பார்த்துவிட்டு வண்டியை அணைத்தார்.

"சாமி இருக்குதுங்க. நான் தொட மாட்டேன். எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

போலீஸைப் பார்த்தார் வெண்மதி. அவர்கள் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டார்கள். கூலியாட்கள் காலனிக்காரர்கள், அவர்கள் கையை வைத்தால் வேறு மாதிரி கலவரமாகிவிடும், சுப்பராயலு காத்திருந்ததே அதற்குத்தான். மணி பன்னிரண்டரை. இன்னும் ஒரு 'இயலவில்லை' எழுத வேண்டியதுதான் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், வெண்மதி ஹேண்ட்பேக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கல்லைக் கட்டிப் பிடித்தார். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு பெண் போலீஸ், பொன்னி என்று சட்டையில் பேர் இருந்தது, மேலதிகாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் தூக்கியும் இழுத்தும் சுப்பராயலுவின் நிலத்தில் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எலுமிச்சம்பழங்கள் அறுந்து உருண்டன. வெண்மதி அவற்றையும் பொறுக்கிக் கல்லடியில் வைத்தார். சூலத்தையும் நட்டார்.

"சாமிய எடத்த விட்டு எடுத்துட்ட. நீ நல்லாருக்க மாட்ட!" என்று கத்தினார் சுப்பராயலு.

வெண்மதிக்கு மூச்சு வாங்கியது. புடவையெல்லாம் மஞ்சள். நடந்ததைப் பதிவு செய்கிற மகஜர் பேப்பரை எடுத்து நீட்டினார். "நான் நல்லாருக்கறது இருக்கட்டும். கல்லு பத்திரமா உங்க எடத்துல ஒப்படைச்சாச்சுன்னு இங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் போடவில்லை. 'கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதி, பொன்னியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். மூன்று மணிக்குள் நாற்பத்தொரு அடியும் தரையில் கிடந்தது.

தூசி அடங்கியதும் காலனிக்காரர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்தார்கள். சில பேர் கை தட்டினார்கள். முத்தம்மாள் செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமா என்று வெண்மதி கேட்டார்.

"என்னமோம்மா. சந்தோஷம் வரும்னுதான் நெனச்சேன். சலிப்பாத்தான் இருக்கு. இத கட்டுறதுக்கு அவுங்களுக்கு ரெண்டே நாள்தான் ஆச்சு." காலடியில் கிடந்த ஒரு செங்கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அவுரு இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு. அவுருக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்பு" என்றார்.

தட்சிணாமூர்த்தி சொன்ன மொட்டை மனு இருபது நாளில் வந்தது. அமீனா லஞ்சம் வாங்கிக்கொண்டு தெய்வச் சிலையை உடைத்தார் என்று அதில் இருந்தது. மனு வந்தால் விசாரிக்க வேண்டும் என்பது விதி. வெண்மதிக்கு மெமோ வந்தது, பதில் எழுதினார், விசாரணை கடலூரில் நடந்தது. அதற்கு ஏழு மாசம் ஆனது. பதினெட்டு வருஷம் மற்றவர்களுக்கு நோட்டீஸ் கொண்டுபோனவர் தன் பெயருக்கு வந்த நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

முத்தம்மாள் சாட்சி சொல்ல இரண்டு பஸ் மாறி வந்தார். வெண்மதிக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"கொடுத்தேன்யா. மொதல் நாளு ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன். அதையும் பாதிதான் குடிச்சாங்க."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். வேப்பமரத்தடியில் முழுசாக நிற்கிற கல்லின் போட்டோவும் கோப்பில் சேர்ந்தது.

மே மாசம் வழக்கமான இடமாற்றப் பட்டியல் வந்தது. சிந்துஜா வேறு மாவட்டத்துக்குப் போனார். "நாங்கதான் தூக்கியடிச்சோம்" என்று சுப்பராயலுவின் ஆட்கள் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அந்தப் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர் இருந்தது, ஒரே இடத்தில் இருக்க வேண்டிய காலம் முடிந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். இதைப் பத்துப் பேருக்காவது விளக்கிச் சொல்லி வெண்மதிக்கு வாய் வலித்தது. ஆனால் போன் பேசிய ஆள்மேல் என்ன நடவடிக்கை என்று யாராவது திருப்பிக் கேட்டால், அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த உத்தரவு மேலே போயிருக்கிறது. அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

பாதை திறந்தே இருக்கிறது. ஓரத்தில் இரண்டு தடவை முள் போட்டார்கள், காலனிக்காரர்களே எடுத்துவிட்டார்கள்.

ஜூன் மாசம் ஒருநாள் கடலூர் அலுவலகத்தில், விசாரணை முடிந்து மேல்நடவடிக்கை கைவிடப்பட்டதாக வெண்மதியிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். உத்தரவின் நகல் ஒன்று வேண்டும் என்றார்.

"நகல் மனு போடுங்க மேடம்" என்றார் அங்கிருந்த கிளார்க்.

"என் மேல போட்ட விசாரணை. என்னைத்தான் விடுவிச்சிருக்கு. எனக்கே மனுவா?"

"எல்லாருக்கும் அதான் ரூல்."

வெண்மதிக்குக் கத்தலாம் போல இருந்தது. பிறகு மனுப் படிவத்தை வாங்கி, நின்றபடியே ஜன்னல் கட்டையில் வைத்து எழுத ஆரம்பித்தார். 'நகல் எதற்காகத் தேவை' என்ற இடத்தில் பேனா நின்றது. 'படித்துப் பார்க்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"வியாழக்கிழமை வாங்க."

"வியாழக்கிழமை எனக்கு வாரண்டு இருக்கு. வெள்ளிக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.